ராணுவச் சேசியின் மேல் வயல் லாரி கட்டும் முறை

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து வயல் காயத் தொடங்கும் மாசியிலிருந்து, கார் பருவ நெல் சாகுபடிக்காக வழக்கமாக ஜூன் மாதத்தில் பாபநாசம் அணை திறக்கும் நாள் வரைக்கும் உள்ள இடைவெளிதான், தாமிரபரணிப் பாசனத்தில் விவசாயம் செய்பவருக்கு லாரி கட்டும் வேலைக்கு ஏற்ற காலம். அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது தொடங்கினால், பட்டறையில் பாதி முடிந்த வண்டி நிற்க, நெல் வாடகை டிராக்டரில்தான் வீடு வந்து சேரும். ஆகவே சேசி, அதாவது எஞ்சினும் அச்சும் அமர்ந்திருக்கும் அடிச்சட்டம், வாங்குவதை மழைக்காலத்திலேயே முடித்து வைத்துக்கொண்டு, கட்டுமானத்தைக் கோடையில் வைத்துக்கொள்வது நல்லது.

ராணுவம் கழித்துவிட்ட லாரியின் சேசியை எதற்காகத் தேட வேண்டும் என்ற கேள்விக்கு விடை நம் நெல்லை மாவட்டத்தின் மண்ணிலேயே இருக்கிறது. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாய்க்கால் கரையை ஒட்டிய களிமண் தடம். மானூர்ப் பக்கம் மழை பெய்துவிட்டால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் கரிசல். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் கணுக்கால் புதையும் தேரி மணல். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண லாரி இம்மூன்றிலும் சாலையோரம் வரைதான் வரும்; அங்கிருந்து வயல்வரை உள்ள தூரத்துக்குத் தலைச்சுமைக் கூலி தனி. நான்கு சக்கரமும் இழுக்கிற, தரையிலிருந்து நல்ல உயரத்தில் நிற்கிற, மேடு பள்ளத்தில் முறுக்கிக் கொடுத்து நான்கு சக்கரத்தையும் தரையில் வைத்திருக்கிற சேசி அந்தத் தூரத்தையும் கடந்துவிடும். அந்த முறுக்கு என்ற குணத்தைக் கெடுக்காமல் மேலே உடலைக் கட்டுவதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. மற்றதெல்லாம் எந்த லாரிப் பட்டறைக்கும் தெரிந்தவை.

எந்தச் சேசி

ஏலத்தில் அதிகம் தென்படுபவை மூன்று வகை. முதலாவது, ஜெர்மனியின் மான் (MAN) நிறுவனத்தின் 415 வகை லாரியை உரிமம் பெற்று ஜபல்பூரில் கட்டிய சக்திமான். 1950களின் இறுதியில் தொடங்கி 1990களின் பின்பாதி வரை கட்டப்பட்ட வண்டி அது. சேசி உறுதியானது, ஆனால் உதிரிப் பாகங்கள் இன்னொரு சக்திமானிலிருந்துதான் கிடைக்கும் என்பதால், ஒரு வண்டி வாங்க நினைப்பவர் இரண்டாவதாக ஒன்றையும் பாகங்களுக்காகவே வாங்கிப் போட வேண்டியிருக்கும். இரண்டாவது, அசோக் லேலண்டின் வடிவமைப்பில் அதே ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் கட்டப்பட்ட ஸ்டாலியன். ஐந்து டன் வகையைச் சேர்ந்த இதன் எஞ்சின் ஜப்பானின் ஹினோ நிறுவன வடிவமைப்பைத் தழுவி லேலண்ட் செய்த வழியில் வந்தது. ஆகவே நெடுஞ்சாலை ஓரத்து லாரிப் பாகக் கடையிலேயே எஞ்சினுக்கு வேண்டிய பெரும்பாலான சாமான்களை வாங்கிவிடலாம். மூன்றாவது, டாடாவின் இரண்டரை டன் எல்.பி.டி.ஏ. 713. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு என் கணிப்பில் இதுவே போதும். வாய்க்கால் பாலங்களின் அகலத்தையும் வலுவையும் நினைத்தால் சிறிய வண்டிதான் பல இடங்களில் உள்ளே போகும். ஜோங்காவைப் பலர் ஆசையோடு கேட்கிறார்கள். அது ஜீப் இனம். பாரம் சுமக்கும் வயல் லாரிக்கு அதன் சேசி பொருந்தாது.

வண்டியின் வயதை அறிய ராணுவ எண் தகட்டைப் பாருங்கள். மேல்நோக்கிய அம்புக்குறிக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் அது ராணுவத்தில் சேர்ந்த ஆண்டைக் குறிக்கும். தகடு கழற்றப்பட்டிருந்தால் சேசி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஏலப் பட்டியலோடு ஒப்பிடாமல் விலை பேசக் கூடாது.

காகிதம் முதலில், வெல்டிங் பிறகு

1964இல் நிறுவப்பட்ட மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் இணைய ஏலத்தின் வழியாகவே இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் விற்பனைக்கு வருகின்றன. இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் என்பதே ஏல நிபந்தனை. எடுத்த பின் குறை சொல்ல வழியில்லை. முன்பணம், வரி, டிப்போவிலிருந்து ஏற்றி வரும் தாழ்தள டிரெய்லர் வாடகை ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகே கேட்பு விலையை முடிவு செய்ய வேண்டும். ஏற்றி வரும் செலவை மறந்துவிட்டு ஏலம் கேட்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். வடக்கே உள்ள ஒரு டிப்போவிலிருந்து நெல்லைக்கு வண்டி வந்து சேரும் செலவு, சில நேரம் வண்டியின் விலையோடு போட்டி போடும்.

இதைவிட முக்கியமானது, ஏலப் பட்டியலில் அந்த வண்டி எந்தத் தலைப்பில் இருக்கிறது என்பது. ஓடும் வாகனமாக விற்கப்படுவது வேறு, பழைய இரும்பாக விற்கப்படுவது வேறு. இரும்பாக விற்றதைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. பாதுகாப்புப் பணியிலிருந்து விலகிய வண்டி, மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 60ஆம் பிரிவின்படி, பொதுமக்கள் வாகனத்தைப் போலவே புதிதாகப் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கு உரிய அதிகாரி படிவம் 21இல் தரும் விற்பனைச் சான்று மூலப் பிரதியாகவே தேவை. அந்தத் தாள் கையில் இல்லாமல் சேசியை வீட்டுக்குக் கொண்டுவருவது, பட்டா இல்லாத நிலத்தில் கிணறு வெட்டுவதற்குச் சமம்.

அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. ஆகையால் தளத்தின் நீள அகலம், உடலின் எடை, அதன் அமைப்பு ஆகியவற்றை வரைபடமாக வரைந்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வாகன ஆய்வாளரிடம் முன்கூட்டியே காட்டி, எது கூடும் எது கூடாது என்று எழுத்தில் பெற்ற பிறகே முதல் வெட்டு வெட்ட வேண்டும். சேசியின் நீளத்தை வெட்டுவது, அச்சை நகர்த்துவது, வேறு இன எஞ்சினைப் பொருத்துவது ஆகியவற்றைப் பற்றி இக்கட்டுரையில் நான் எதுவும் சொல்லாததற்குக் காரணமும் இதுதான். பதிவு கிடைக்காத வண்டியை வரப்புக்குள் மட்டும் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குப் பஞ்சாயத்துச் சாலையைக் குறுக்கே கடந்தாலும் அது பொது இடம்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். காப்பீடும் அந்த இடத்தில் உதவாது.

டிப்போவில் பார்க்க வேண்டியவை

எஞ்சின் ஓடுகிறதா என்பதைவிடச் சேசி நேராக இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினை இறக்கிச் சரி செய்யலாம். வளைந்த சேசியை நேராக்கிவிட்டோம் என்று சொல்பவரை நம்பிக் கெட்டவர் பலர். முன் பட்டையின் (அச்சைத் தாங்கும் தகட்டு ஸ்பிரிங்கின்) தாங்கியிலிருந்து எதிர்ப்புறத்துப் பின் பட்டையின் தாங்கி வரை குறுக்காக இரு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளும் 8 மி.மீ.க்கு மேல் மாறுபட்டால் நான் அந்த வண்டியை விட்டுவிடுவேன். இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ரிவிட் அடிக்கப்பட்ட இடங்களில் துரு உள்ளே வளர்ந்து தகடு உப்பியிருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்றும், துருவேறிய இடம் சப்பையாகவும் ஒலிக்கும். முன்பே யாரோ வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா, பட்டைகளில் உடைந்த தகடு இருக்கிறதா, பட்டைத் தகடுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு பின்னுக்கு நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃப்ரன்ஷியல் கூட்டின் ஆயில் அடைப்பைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பின் டிஃப்ரன்ஷியல் கூட்டுக்கு வெள்ளை அடித்திருப்பதைக் கண்டு யாரோ பழுதை மறைத்திருப்பதாக ஐயப்பட வேண்டாம். ராணுவ லாரிகள் விளக்கணைத்து இரவில் அணியாகச் செல்லும்போது பின்னால் வரும் ஓட்டுநர், கீழே எரியும் சிறு விளக்கின் வெளிச்சத்தில் அந்த வெள்ளையைப் பார்த்தே தொடர்ந்து வருவார். அதற்கான ஏற்பாடு அது.

ஆண்டுக்கணக்கில் நின்ற டீசல் எஞ்சினைப் பேட்டரி வைத்து ஒரே சுற்றில் கிளப்ப முயலக் கூடாது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எஞ்சின் ஆயிலை விட்டு ஒரு நாள் ஊறவைத்து, பிறகு கிராங்கின் முன் போல்ட்டில் நீண்ட ஸ்பேனர் கொண்டு கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். டேங்கைக் கழற்றிக் கழுவி, குழாய்களை மாற்றி, காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட்டர். முதன்முறை கிளப்பும்போது, காற்று உள்ளே போகும் வாயை அடைக்கும் அளவுக்கு ஒரு தடித்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். டீசல் பம்ப்பில் எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் துருவில் சிக்கியிருந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். அப்போது அதை நிறுத்தக் காற்றை அடைப்பதே வழி. வெறும் உள்ளங்கையால் அடைக்கப் போகக் கூடாது.

சக்கரம் கழற்றும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. இத்தகைய லாரிகளின் ரிம் ஒரே துண்டாக இல்லாமல் பூட்டு வளையத்தோடு வருவது பெரும்பான்மை. வால்வின் உள்முள்ளைக் கழற்றிக் காற்றை முழுவதுமாக இறக்கிய பிறகுதான் சக்கர நட்டைத் தொட வேண்டும். மீண்டும் காற்றேற்றும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயில் தள்ளி நின்று ஏற்ற வேண்டும். துருவேறிய வளையம் தெறித்து வந்தால் மனிதன் மிஞ்ச மாட்டான்.

எதை ஏற்றப் போகிறோம்

பட்டறைக்குப் போகுமுன் எடைமேடைக்குப் போங்கள். வெறும் சேசியின் முன் அச்சு எடையையும் பின் அச்சு எடையையும் தனித்தனியே பிடித்துச் சீட்டு வாங்குங்கள். ஐந்து டன் வண்டி என்று பெயர் இருந்தாலும், வயதான பட்டைகளையும் வயல் தடத்தையும் கருதி நான்கு டன்னுக்குமேல் ஏற்றுவதில்லை என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. அந்த நான்கு டன்னுக்குத் தளம் எவ்வளவு, பக்கத் தட்டி எவ்வளவு உயரம் என்பது நீங்கள் ஏற்றும் பொருளைப் பொறுத்தது.

தளம் 3.6 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 7.56 சதுர மீட்டர். நெல் கனமீட்டருக்கு ஏறக்குறைய 580 கிலோ. நான்கு டன் நெல்லுக்கு 90 செ.மீ. உயரத் தட்டி வேண்டும். அதே வண்டியில், வட்டாட்சியரிடம் அனுமதி பெற்றுக் குளத்திலிருந்து வண்டல் அள்ளினால், ஈர வண்டல் கனமீட்டருக்கு 1,700 கிலோ அளவில் நிற்கும், 31 செ.மீ. உயரத்திலேயே நான்கு டன் வந்துவிடும். தட்டி 90 செ.மீ. இருக்கிறதே என்று மண்ணை முட்ட அள்ளினால் பதினோரு டன்னைத் தாண்டும். அள்ளும் இயந்திரத்தில் இருப்பவருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் நிறுத்த மாட்டார். ஆகவே 45 செ.மீ. உயரத்தில் கீல் வைத்த தட்டியை அடிப்படையாகவும், அதன்மேல் செருகி எடுக்கும் இன்னொரு 45 செ.மீ. தட்டியை நெல்லுக்கென்றும் செய்துகொண்டு, தட்டியின் உட்பக்கத்தில் 30 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுங்கள். மண்ணும் மணலும் அந்தக் கோட்டோடு நிற்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வயலில் படிந்த மணலை அள்ளிய வண்டிகளில் எத்தனை பட்டைகள் முறிந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோட்டின் அருமை தெரியும்.

களக்காட்டுப் பக்கம் ஏத்தன் வாழைத்தார் ஏற்றுபவர்களுக்கு எடை சிக்கலே இல்லை. தார் நசுங்காமல் இருப்பதே சிக்கல். அவர்கள் தட்டியின் உட்பக்கம் கூர்முனை, போல்ட் தலை எதுவும் துருத்தாமல் பார்த்துக்கொண்டு, சருகு பரப்பி ஏற்றினால் போதும்.

பாரம் எந்த அச்சில் விழுகிறது என்பதையும் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4.2 மீட்டர் என்றும், தளத்தின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் வருகிறது என்றும் கொள்வோம். நான்கு டன்னை 0.5ஆல் பெருக்கி 4.2ஆல் வகுத்தால், முன் அச்சுக்கு ஏறக்குறைய 475 கிலோ போகிறது. மீதி 3,525 கிலோ பின் அச்சுக்கு. தளத்தை 30 செ.மீ. பின்னால் தள்ளிக் கட்டினால் முன்னுக்குப் போவது 190 கிலோவாகக் குறைந்து, மணலேறும் இடத்தில் முன் சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும், ஸ்டீயரிங்கும் லேசாகிவிடும். கேபினுக்குப் பின்னால் கை நுழையும் இடைவெளி மட்டும் விட்டு, தளத்தை முடிந்தவரை முன்னால் வையுங்கள். மேற்சொன்ன அளவில் தளம் பின் அச்சைத் தாண்டி 1.3 மீட்டர் நீளும். அச்சு இடைவெளியில் 60 சதவீதத்துக்குமேல் பின்னால் நீளக் கூடாது என்ற விதிக்குள் அது தாராளமாக அடங்கும்.

துணைச் சட்டம்: இங்கே நிதானம் வேண்டும்

என்னுடைய முதல் கட்டுமானத்தில் நான் செய்த தவறு இந்த இடத்தில்தான். சேசியின் மேல் குறுக்குச் சேனல்களை நேரடியாக வைத்து, ஒவ்வொன்றையும் இருபுறமும் வெல்டிங் வைத்து, அசையாத பாறைபோல் ஆக்கிவிட்டதாகப் பெருமைப்பட்டேன். இரண்டாவது பிசானத்தில், வாய்க்கால் சரிவில் ஒரு பக்க முன்சக்கரம் ஏறியபோது கேபினுக்குப் பின்னால் படீரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் சேசியின் மேல் விளிம்பில் தொடங்கிய விரிசல் பாதி உயரம் இறங்கியிருந்தது. பேட்டையில் ஒரு பட்டறை மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, “சேசி நெளியணும்னுதான் செஞ்சிருக்கான் அண்ணாச்சி. நீங்க கட்டிப்போட்டிய, அது வேற எங்க போவும்?” என்றார். அந்தச் சேசியைக் கடைசியில் இரும்பு விலைக்குத்தான் போட்டேன்.

ராணுவ லாரியின் சேசி திறந்த சேனல் வடிவத்தில் இருப்பதால், ஒரு சக்கரம் மேட்டிலும் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்திலும் நிற்கும்போது நெளிந்து கொடுக்கிறது. அந்த நெளிவு சேசியின் முழு நீளத்திலும் பரவினால் எங்கும் கேடில்லை. மேலே விறைப்பான உடலை வைத்து ஒரு பகுதியைக் கட்டிவிட்டால், நெளிவு முழுவதும் கட்டாத மிச்சப் பகுதியில், அதாவது கேபினுக்கும் உடலுக்கும் இடையே உள்ள ஒரு முழ நீளத்தில் வந்து குவியும். ஆகவே உடலைச் சேசியோடு நேரடியாகச் சேர்க்காமல், நடுவில் ஒரு துணைச் சட்டம் வைத்து, அந்தச் சட்டத்தைப் பின்னால் இறுக்கமாகவும் முன்னால் தளர்வாகவும் பிடிக்க வேண்டும்.

துணைச் சட்டத்துக்கு 125 மி.மீ. சேனல் இரண்டை, சேசியின் இரு நீளச் சட்டங்களின் மேல் சரியாகப் பொருந்தும்படி வையுங்கள். முன் முனையை நேராக வெட்டிவிடாதீர்கள். கடைசி 30 செ.மீ. நீளத்தில் சேனலின் உயரம் படிப்படியாகக் குறைந்து, ஏர்க்கொழுவின் நுனிபோல் சாய்வாக முடியட்டும். விறைப்பு ஒரே இடத்தில் திடீரென்று தொடங்கினால் அந்த இடத்திலேயே சேசி விரியும். இரண்டு சேனல்களையும் இணைக்கும் குறுக்குச் சேனல்கள் 75 மி.மீ. அளவில், 3.6 மீட்டர் தளத்துக்கு எட்டு போதும். சேசிக்கும் துணைச் சட்டத்துக்கும் இடையே 12 மி.மீ. தடிப்பில் கெட்டியான ரப்பர் பட்டையோ, நன்றாக உலர்ந்த நாட்டுக் கருவேலச் சட்டமோ கொடுங்கள். இரும்போடு இரும்பு உரசினால் துருவும் தேய்மானமும் ஒரே இடத்தில் சேரும்.

பின் பட்டைகளின் பகுதியில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு வெட்டுத் தகடுகளை 8 மி.மீ. தகட்டில் வெட்டி, துணைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்து, சேசியின் செங்குத்துப் பக்கத்தில் மட்டும் போல்ட்டால் பிடியுங்கள். சேசியின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. பாரத்தின் இழுவையும் அழுத்தமும் அந்த விளிம்புகளில்தான் ஓடுகின்றன. செங்குத்துப் பக்கத்திலும் விளிம்பிலிருந்து குறைந்தது 40 மி.மீ. தள்ளியே துளை வர வேண்டும். சேசியில் ஏற்கெனவே உள்ள துளைகள் ஒத்துவந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். கேஸ் வெட்டால் துளை போடும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது; அதை அனுமதிக்காமல், டிரில் போட்டு ஓரத்தை அரத்தால் மழுக்கச் சொல்லுங்கள். 16 மி.மீ. 8.8 தர போல்ட்டுகளை ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்க வேண்டும். முறுக்கு ஸ்பேனர் இல்லாத பட்டறையில், ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் இருபது கிலோ தொங்கவிட்ட அழுத்தம் என்று சொன்னால் மேஸ்திரிக்குப் புரியும்.

முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் பிடிகள் வேண்டும். துணைச் சட்டத்திலிருந்து ஒரு தாங்கி, சேசியிலிருந்து ஒரு தாங்கி. இரண்டையும் ஊடுருவி ஒரு நீண்ட போல்ட். கீழ்த் தாங்கிக்கு அடியில் கெட்டியான அமுக்கு ஸ்பிரிங். அதற்கும் கீழே பூட்டு நட். சமதரையில் உடல் சேசியின்மேல் படிந்து உட்கார்ந்திருக்கும். சேசி முறுக்கும்போது ஒரு பக்கம் ஸ்பிரிங் அமுங்கி, துணைச் சட்டம் 20 மி.மீ. வரை மேலே எழும்பி மீண்டும் அமரும். ஸ்பிரிங்கை முழுவதும் அமுங்கும்வரை இறுக்கிவிட்டால் பிடி வைத்ததன் பயனே போய்விடும்; புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் நட் என்றாலே முழு பலத்தோடு இறுக்குவார்கள், பக்கத்தில் நில்லுங்கள். வெட்டுத் தகடுக்குப் பதிலாக யூ போல்ட் போட நேர்ந்தால், சேசிச் சேனலின் உள்ளே விளிம்புகள் நசுங்காதபடி ஓர் இரும்புக் கட்டையை நிறுத்தி வைத்த பிறகே இறுக்குங்கள்.

வெல்டிங் நடக்கும்போது பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். எங்கோ சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாக ஓடி உருளைகளில் குழி விழும். பிரேக் காற்றுக் குழாய்களின் மேல் ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள். தாங்கிகளுக்கு 7018 வெல்டிங் ராடு, அதுவும் சூடேற்றி ஈரம் போக்கியது. தட்டிக்கும் மற்ற லேசான வேலைக்கும் 6013 போதும்.

தளத்தைப் பொருத்துமுன் ஒரு சோதனை. இடது முன்சக்கரத்தையும் வலது பின்சக்கரத்தையும் 20 செ.மீ. உயரக் கட்டையின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். முன் பிடியில் ஒரு பக்கம் இடைவெளி திறக்க வேண்டும், துணைச் சட்டம் நேராக இருக்க வேண்டும், கேபினின் முதுகில் எதுவும் இடிக்கக் கூடாது. பிறகு கட்டைகளை மாற்றி மறுமூலையிலும் பாருங்கள். தளம் போட்ட பிறகு பார்த்தால், குறை தெரிந்தாலும் அவிழ்க்க மனம் வராது.

தளமும் தட்டியும்

தளத்துக்கு 5 மி.மீ. புடைப்புத் தகடா, மரமா என்பது பட்டறைதோறும் நடக்கும் வாதம். நம் அளவுக்குத் தகடு 310 கிலோவைத் தாண்டும், 40 மி.மீ. கருவேலப் பலகை ஏறக்குறைய 240 கிலோவில் முடியும். மரம் முறுக்குக்கு நெளிந்து கொடுக்கும், உடைந்த பலகையை மட்டும் மாற்றலாம், வெயிலில் வாழைத்தார் சுட்டுப் பழுக்காது. மண்வெட்டியும் மண் அள்ளும் இயந்திரத்தின் பல்லும் அதிகம் படுகிற வண்டிக்குத் தகடே நல்லது. நான் மரத்தின் பக்கம். வேம்பு கிடைத்தாலும் சரிதான், பூச்சி அண்டாது. எதுவானாலும் ஓராண்டாவது உலர்ந்ததாக இருக்கட்டும். பலகைகளுக்கிடையே 3 மி.மீ. இடைவெளி விட்டு, தலை பதியும் போல்ட்டால் குறுக்குச் சேனல்களில் பிடியுங்கள். நெல் ஏற்றும்போது தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம்.

தட்டிகளின் கொண்டிகளில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும். முறுக்கும் வண்டியில் நெருக்கிப் பொருத்திய கொண்டி, வரப்பில் ஏறி நிற்கும்போது திறக்காது. மூலைத் தூண்களைக் கழற்றி எடுக்கும்படி குழாய்க்குள் செருகிவிட்டால், வைக்கோல் ஏற்றும் நாளில் தளம் முழுவதும் வெற்றுத் தரையாகிவிடும்.

ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துக் கொட்டும் தளமாகச் செய்ய ஆசை எல்லாருக்கும் வரும். கொட்டும் தளத்துக்குச் சேசி முறுக்காமல் நிற்க வேண்டும், துணைச் சட்டமும் மிக விறைப்பாக இருக்க வேண்டும். இதுவரை சொன்ன முறைக்கு அது நேர் எதிர். வயலில் ஒரு பக்கம் சரிந்த தரையில் ஈர மண்ணோடு தளத்தைத் தூக்கினால், மண் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு வண்டியைச் சாய்த்துவிடும். மண் கொட்டும் வேலை அதிகம் இருந்தால் டிராக்டருக்குக் கொட்டும் டிரெய்லர் ஒன்று வாங்கிக்கொள்வது மேல். சேசியில் வின்ச் (கம்பிவடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) இருந்தால் மட்டும் அதைக் கழற்றாதீர்கள். தேரியில் ஒருநாள் அதன் பயன் தெரியும்.

பெயிண்ட் உங்கள் விருப்பம், ஒரு நிறத்தைத் தவிர. ராணுவத்தின் ஆலிவ் பச்சையைப் பொதுமக்கள் வண்டிக்கு அடிக்க மோட்டார் வாகன விதிகள் இடம் தருவதில்லை. பழைய பச்சை கொஞ்சமும் தெரியாதபடி மாற்றிவிடுங்கள். ஒளிர்பட்டை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். வயரிங் பெரும்பாலும் 24 வோல்ட் என்பதால் டிராக்டரின் 12 வோல்ட் பல்புகளை மாட்ட வேண்டாம். வயர்களை இரும்புக் குழாய்க்குள் விட்டால் வயல் எலிக்குத் தப்பும்.

ஓட்டத் தொடங்கிய பிறகு

நான்கு சக்கர இழுவையைத் தார்ச் சாலையில் போட்டு ஓட்டக் கூடாது. முன் அச்சும் பின் அச்சும் இழுவையை இரண்டு அச்சுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் நேராகப் பூட்டிக்கொள்ளும் வண்டிகளில், வளைவில் முன் சக்கரங்கள் ஓட வேண்டிய கூடுதல் தூரத்தைத் தார்ச் சாலை ஈடு செய்ய விடாது. முறுக்கு ஏறி ஜாயிண்ட்டோ பல்சக்கரமோ உடையும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக்கொள்வதால் அங்கே கேடில்லை. தேரிக்குள் இறங்குமுன் டயர்க் காற்றைக் குறைத்து, தாழ்ந்த கியரில், நடுவில் நிறுத்தாமல் போக வேண்டும்; சாலைக்கு வந்ததும் மீண்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீரோடும் தடத்தில் போகிறவர்கள், இரண்டு டிஃப்ரன்ஷியல் கூடுகளின் மூச்சுக் குழாயிலும் ரப்பர் குழாய் மாட்டித் தள உயரத்துக்கு மேலே கொண்டுபோய் விடுவது அவசியம். சூடான கூடு குளிர்ந்த நீரில் இறங்கும்போது காற்றை உறிஞ்சும். மூச்சுத் துளை நீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும்.

முதல் வாரம் முடிந்ததும் வெட்டுத் தகடுகளின் போல்ட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்க வேண்டும். மரச் சட்டம் அமர்ந்திருக்கும், போல்ட் நிச்சயம் தளர்ந்திருக்கும். ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் கேபினுக்குப் பின்னால் சேசியின் மேல் விளிம்பையும், துணைச் சட்டம் தொடங்கும் இடத்தையும், வெட்டுத் தகடுகளின் துளைகளைச் சுற்றியும் நன்றாகச் சுரண்டித் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து உலரத் துடைத்துவிட்டு, சாக்குக்கட்டியைப் பொடித்துப் பூசி வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஓர் ஈரக் கோடு எழும். அந்தக் கோடு ஒரு விரல் நீளம் இருந்தாலும் மேலே வெல்டிங் இழுத்து மூடிவிட்டு ஓட்டாமல், பாரத்தை இறக்கி வண்டியை நிறுத்திவிட்டு, முன் பிடிகளின் ஸ்பிரிங்கை யாராவது முழுக்க இறுக்கிவைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.